சாஸ்னாலாவில் மாண்டவர் எத்தனை பேர்?

1975ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணியளவில் அன்றைய பீகார் மாநிலத்தின் தன்பாத் நகருக்கு அருகிலுள்ள சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தினுள் வெள்ளம் புகுந்தது. அப்போது உள்ளே வேலையில் இருந்தவர்களில் ஒருவர்கூட உயிருடன் மீளவில்லை. இந்தியச் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து அதற்கு முன்னும் நிகழ்ந்ததில்லை, பின்னும் நிகழ்ந்ததில்லை.

அக்காலத்தில் நான் மாத்தளையில் வாசித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகைத் தொழிலின் வாசற்படியைக்கூட அப்போது மிதித்திருக்கவில்லை. அன்றைய நாளேடுகளில் இச்செய்தி வெளிவந்த விதத்தில் ஒன்று மட்டும் இன்றுவரை நினைவில் நிற்கிறது. மாண்டோர் தொகை ஒரு நாளுக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் செய்தி மேசையில் அமர்ந்து எத்தனையோ விபத்துச் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். முதல்நாள் எண்ணிக்கை மறுநாள் நிலைப்பதில்லை என்பது இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்ததே. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் எண்ணிக்கை நிலைபெறாத விபத்துகள் மிகச் சில. சாஸ்னாலா அவற்றுள் ஒன்று. பெரும்பாலான நூல்கள் 375 என்கின்றன. அன்று அங்கிருந்த அதிகாரிகள் 372 என்றனர். தொழிற்சங்கமோ ஏறத்தாழ 700 பேர் என்றது.

மூன்று பேர் வேறுபாட்டைக் கணக்குப் பிழை எனலாம். முந்நூறுக்கும் மேற்பட்டோரின் வேறுபாட்டை என்னவென்பது?

இதனை விளங்கிக்கொள்வதற்கு அந்தச் சுரங்கத்தின் அமைப்பைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். ஜரியா நிலக்கரி வயல் தாமோதர் ஆற்றை ஒட்டியது. எஃகு உருக்குவதற்கு வேண்டிய கோக் நிலக்கரி இந்தியாவில் மிகுதியாகக் கிடைப்பது அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோண்டத் தொடங்கினார்கள். ஒரு முதலாளி தோண்டிக் கைவிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மற்றொருவர் தோண்டினார். கைவிடப்பட்ட குழிகளில் மழை நீரும் ஊற்று நீரும் தேங்கின. நிலத்தின் கீழே, யார் கண்ணுக்கும் புலப்படாத குளங்கள் உருவாயின. அக்குளங்களின் எல்லை எதுவென்று சொல்லவேண்டியது பழைய வரைபடம். அவ்வரைபடம் தவறாக இருந்தால், அல்லது இருந்தும் புறக்கணிக்கப்பட்டால், கீழே வேலை செய்பவன் தன் தலைக்கு மேலே ஒரு குளம் இருப்பதை அறியாமலே நிலக்கரியை வெட்டிக்கொண்டிருப்பான்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகளின்படி, நீர் தேங்கிய பழைய வேலைத்தளத்திலிருந்து 60 மீற்றருக்குள் தோண்டுவதற்கு அன்று முன்அனுமதி வேண்டியிருந்தது. முன்னே செல்லும் திசையில் துளையிட்டு நீர் உண்டா என்று பார்த்துப் பார்த்தே நகரவேண்டியிருந்தது. நீருக்கும் மனிதனுக்கும் இடையே வெட்டாமல் விடப்படும் அந்த நிலக்கரிச் சுவர்தான் உயிர்க்காப்பு. சாஸ்னாலாவில் உடைந்தது அதுவே. முதல் நாட்களில் வாயு வெடிப்பு என்றே செய்திகள் வந்தன. வெடிப்பினால் சுவர் உடைந்ததா, சுவர் மெலிந்து தானே உடைந்ததா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. மேலே தேங்கியிருந்த நீர் சில நிமிடங்களில் கீழே பாய்ந்து சுரங்கத்தை நிறைத்தது என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

நீரை இறைக்க உள்ளூர் இயந்திரங்கள் போதவில்லை. சோவியத் ஒன்றியத்திலிருந்தும் போலந்திலிருந்தும் பெரிய நீரிறைக்கும் இயந்திரங்கள் தருவிக்கப்பட்டன. உடல்களை மேலே கொண்டுவர வாரக் கணக்காயிற்று. குழிவாயிலில் குளிர்கால இரவுகளில் காத்துநின்ற பெண்களைப் பற்றி அந்நாளில் எழுதியவர்கள் பலர். எழுதக்கூடாததும் இருந்தது. இந்தியாவில் அப்போது அவசரநிலை. 1975 ஜூன் மாத இறுதியிலிருந்து பத்திரிகைகளுக்குத் தணிக்கை. சுரங்கமோ அரசின் நிருவாகத்தில் இருந்தது. இந்திய இரும்பு எஃகு நிறுவனத்தின் நிருவாகத்தை 1972இல் அரசே ஏற்றிருந்தது. தொழிற்சங்கம் ஓர் எண்ணைச் சொல்ல, அரசு வேறோர் எண்ணைச் சொல்ல, இடையில் நின்று இரண்டையும் சரிபார்த்து எழுதவேண்டிய பத்திரிகையாளனின் கை அந்நேரம் கட்டப்பட்டிருந்தது. எண்ணிக்கை நிலைபெறாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

முதன்மையான காரணம் பதிவேடு.

சுரங்கத்தில் இறங்குமுன் ஒவ்வொருவரும் விளக்கு அறையில் தலைவிளக்கைப் பெற்றுக்கொள்வார். அவ்விளக்கிற்கு ஓர் எண் உண்டு. வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும். முகம் அழிந்து போனவனை அந்த விளக்கின் எண்ணே பல விபத்துகளில் அடையாளங் காட்டியிருக்கிறது. பதிவேடு ஒழுங்காக இருந்தால் கணக்குத் தவறாது. சாஸ்னாலாவில் பதிவேடு ஒழுங்காக இருக்கவில்லை என்பதே தொழிற்சங்கத்தின் குற்றச்சாட்டு. ஏட்டில் பெயரில்லாதவன் சுரங்கத்தினுள் இறக்கவும் இல்லை. அவன் மனைவிக்கு இழப்பீடும் இல்லை, பிள்ளைக்கு வேலையும் இல்லை.

இவ்விடத்தில் மலையக வாசகர்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. பிரட்டுக் களத்தில் பெயர் வாசிப்பதையும், செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதையும் எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் பிறந்த பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே அறிந்துகொள்ளும். கைக்காசு வேலைக்குப் போனவர் கொழுந்து மலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டால் அவர் கதை வேறு. பெயர் பதிந்தவரின் கதை வேறு. ஜரியாவின் தொழிலாளர் வரலாற்றைப் படிக்கும்போது பெயர்களை மட்டும் மாற்றினால் அது நம் வரலாறாகிவிடும். நமக்குக் கங்காணி, அவர்களுக்குச் சர்தார். சந்தால் பழங்குடி மக்களையும், பிலாஸ்பூர் மக்களையும், கோரக்பூர்ப் பகுதியினரையும் திரட்டிக் கொண்டுவந்து, அவர்களைக் கொண்டே வேலை வாங்கித் தன் பங்கை எடுத்துக்கொண்டவர்கள் அந்தச் சர்தார்கள். நமது லயன்களைப் போலவே அங்கும் வரிசைக் காம்பிராக்கள். அவற்றைத் தௌரா என்பர். பெண்களும் ஒரு காலத்தில் கணவருடன் நிலத்தடியில் இறங்கினர். 1929க்குப் பின் படிப்படியாக அது தடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் நிலக்கரி தேவைப்பட்டபோது 1943இல் தடையை நீக்கிப் பெண்களை மீண்டும் இறக்கினார்கள். தேவை தீர்ந்ததும் 1946இல் மறுபடியும் தடுத்தார்கள்.

எண்ணப்படாத சாவு மாத்தளைக்குப் புதிதல்ல. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரில் வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். வந்திறங்கியவர் கணக்கும் திரும்பிச் சென்றவர் கணக்குமே ஏடுகளில் கிடைக்கின்றன. விழுந்தவர் கணக்கை எவரும் எழுதவில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்களை மூடியபோதும் முதலில் நூற்றுக்கு மேல் என்றார்கள். பின்னர் நாற்பதுக்கும் குறைவு என்றார்கள். அங்கும் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மாத்தளை மாவட்டம் உள்ளிட்ட மலைநாட்டைச் சிதைத்தபோது நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்ணுக்கடியில் இருப்போரைத் தேடுமுன் பெயர்ப்பட்டியலைத் தேடவேண்டியிருப்பது நமக்குப் பழகிப்போன அவலம்.

சாஸ்னாலாவுக்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1973 மார்ச்சில், இங்கிலாந்தின் லொப்ட்ஹவுஸ் சுரங்கத்திலும் இதே காரணத்தால் வெள்ளம் புகுந்தது. கைவிடப்பட்ட பழைய குழியில் தேங்கிய நீர். மாண்டவர் எழுவர். அந்த எழுவருக்காக 1979இல் தனி ஒழுங்குவிதிகளையே இயற்றினார்கள். ஜரியாவில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1995 செப்டம்பரில் காட்ரி ஆறு கரையுடைத்துக் கஸ்லிடாண்ட் சுரங்கத்தினுள் பாய்ந்து 64 பேரைக் கொன்றது. 2001 பெப்ரவரியில் பாக்டிகியில், அயலிலுள்ள பழைய சுரங்கத்தின் நீர் புகுந்து 29 பேர் மாண்டனர். சாஸ்னாலாவின் பாடம் ஏட்டில் இருந்தது, சுரங்கத்துக்குள் இறங்கவில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1989 நவம்பர் 13இல் இராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்தில் நீர் புகுந்து 71 பேர் அகப்பட்டனர். அறுவர் மாண்டனர். எஞ்சிய 65 பேரையும், மேலிருந்து அகன்ற துளையிட்டு, எஃகுக் கூண்டு ஒன்றை இறக்கி ஒவ்வொருவராக மேலேற்றினார்கள். பொறியியலாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே அக்கூண்டில் இறங்கினார். அகப்பட்டோர் உயரமான ஓரிடத்தில் ஒதுங்கியிருந்ததும், அவ்விடத்தை மேலுள்ளோர் சரியாகக் கணித்ததுமே அதைச் சாத்தியமாக்கின. சாஸ்னாலாவில் ஒதுங்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

சாஸ்னாலாவை வைத்து இந்தியில் ஒரு திரைப்படம் வந்தது. யாஷ் சோப்ராவின் ‘காலா பத்தர்’, 1979. அமிதாப் பச்சனும் சத்ருகன் சின்ஹாவும் மோதிக்கொண்ட காட்சிகளையே மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்படத்தின் அடியில் இருப்பது மெய்யாக நிகழ்ந்த ஒரு சாவு என்பதைத் தன்பாத்துக்கு வெளியே அறிந்தவர் குறைவு.

விசாரணை நடக்காமலில்லை. பாட்னா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் பிரதம நீதியரசர் யு. என். சின்ஹா தலைமையில் விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. அது நிருவாகத்தைக் குறைகண்டது. அதன்பின் குற்றவியல் வழக்கு. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே எதிரிகளிற் சிலர் காலமாயினர். தன்பாத் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2012இல். விபத்து நிகழ்ந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு. எஞ்சிய இருவருக்கு ஓராண்டுச் சிறை. கணவரை இழந்தபோது இருபது வயதாக இருந்த பெண்ணுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

சாஸ்னாலாவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. மாண்டோரின் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 27 அன்று குடும்பத்தினர் அங்கே கூடி மலர் தூவுகின்றனர். பொறிக்கப்பட்டிருப்பவை பதிவேட்டில் இருந்த பெயர்கள்.