ஜாம் போத்தல் விளக்கும் நீலச் சுடரும்

பண்டத்தரிப்பு என்றதும் ஈழத்து வரலாறு படித்தவர்களுக்கு மருத்துவர் ஜோன் ஸ்கடர் நினைவுக்கு வருவார். அமெரிக்க மிஷன் மருத்துவராகிய அவர் 1820 ஆம் ஆண்டில் அங்கே தமது பணியைத் தொடங்கினார். எனக்கோ அவ்வூரின் பெயரைக் கேட்டதும் ஒரு சிறு விளக்கே முதலில் நினைவுக்கு வருகிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருள்களுக்குத் தடையும் கட்டுப்பாடும் வந்தன. மண்ணெண்ணெய் அரிதாகி, விலையும் பன்மடங்காயிற்று. அரிக்கன் லாந்தரை இரவில் நெடுநேரம் எரிப்பது பல குடும்பங்களுக்கு எட்டாத செலவாயிற்று. அப்போது வீட்டுக்கு வீடு தோன்றியதே ஜாம் போத்தல் விளக்கு. வெற்றுப் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றை அதில் தோயவிடுவார்கள். போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு.

அக்காலத்தில் பண்டத்தரிப்பில் உறவினர் வீடொன்றில் ஓரிரவு தங்கியிருந்தேன். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அவ்வீட்டுப் பிள்ளை திரியைக் குறைப்பதும் கூட்டுவதுமாக இருந்தாள். கூட்டினால் எழுத்துத் தெரியும். ஆனால் எண்ணெய் கரையும், போத்தலின் வாய் கரிபிடிக்கும். குறைத்தால் எண்ணெய் மிஞ்சும். ஆனால் மஞ்சள் சுருங்கி, அடியில் நீலம் மட்டும் எஞ்சும். “மாமா, இந்த நீலத்திலை ஏன் எழுத்துத் தெரியுதில்லை?” என்று கேட்டாள். அன்று என்னிடம் மறுமொழி இல்லை.

பிற்காலத்தில் வாசித்தறிந்ததைச் சொல்கிறேன். நாம் படிக்க உதவும் மஞ்சள் ஒளி, முழுதாக எரியாத நுண்ணிய கரித்துகள்கள் கொல்லன் உலையிலிட்ட இரும்பைப்போலச் சூடேறிக் கனல்வதால் வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்ஃப்ரி டேவி இதை விளக்கினார். மைக்கேல் ஃபரடே 1860–61 நத்தார் காலத்தில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே சிறுவர்களுக்கு இதனை எடுத்துரைத்தார். போத்தலின் வாயில் படிந்த கரியும் நமக்கு வெளிச்சம் தந்த கரியும் ஒன்றே.

நீலம் வேறு வகையைச் சேர்ந்தது. எண்ணெய் ஆவி காற்றோடு கலந்து எரியுமிடத்தில் மூலக்கூறுகள் உடைந்து புதுத் துணுக்குகள் பிறக்கின்றன. கரியணு ஒன்றும் ஐதரசன் அணு ஒன்றும் சேர்ந்தது ஒருவகை. கரியணுக்கள் இரண்டு சேர்ந்தது மற்றொருவகை. அவற்றுட் சில பிறக்கும்போதே மிகையாற்றலோடு கிளர்ந்த நிலையிற் பிறந்து, அம்மிகையை ஒளியாக உதிர்த்துவிட்டு அடங்குகின்றன. முதல்வகையின் ஒளி 431 நானோமீற்றரை அண்டிய ஊதா நீலம். இரண்டாம் வகையினுடையது 516 நானோமீற்றரை அண்டிய பச்சை. எரிபொருளின் ஆற்றலில் மிக மிகச் சிறிய பங்கே இவ்வாறு ஒளியாகிறது. ஆகவே அது கண்ணுக்குத் தெரியும், புத்தகத்துக்குப் போதாது.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் சுவான் இந்த நிறப்பட்டைகளை முப்பட்டகத்தின் வழியே ஆராய்ந்து 1856 இல் அறிவித்தார். வால்வெள்ளியொன்றின் ஒளியிலும் அதே பட்டைகளை 1868 இல் வில்லியம் ஹகின்ஸ் இனங்கண்டார். அந்த ஏழை விளக்கின் அடியில் பிள்ளை கண்ட நிறம் வானத்திலும் இருந்தது.

பண்டத்தரிப்பிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேற்குலக இரசாயனவியலைத் தமிழில் தர முனைந்து ‘கெமிஸ்தம்’ என்ற நூலை 1875 இல் வெளியிட்டார். தமிழில் இரசாயனம் பேச அம்மண்ணில் அவ்வளவு காலத்துக்கு முன்னரே முயன்றிருக்கிறார்கள். இருந்தும் பிள்ளையின் எளிய கேள்விக்கு நான் ஊமையாய் இருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

இன்னுமொன்றும் உறுத்துகிறது. அந்த ஆண்டுகளில் எறிகணைகளையும் இழப்புகளையும் நாள்தோறும் செய்தியாக எழுதினேன். எழுதவேண்டியவையே அவை. ஆனால் ஒரு தலைமுறையைப் படிக்கவைத்த அந்த விளக்கைப் பற்றி ஒரு பத்திகூட எழுதவில்லை. அதை முதலில் செய்தவர் யாரென்று கேட்டறியவும் முயலவில்லை. உலகெங்கும் பரந்திருக்கும் வாசகர்களில் அவ்விளக்கடியில் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் அதை யார், எப்படிச் செய்தார்கள் என்பதை எழுதி வையுங்கள். நான் எழுதத் தவறியதை நீங்களாவது எழுதுங்கள்.