பள்ளி எல்லையும் தோட்ட எல்லையும்: மலையக மாணவரின் சொல்லுரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாணவர் பாடசாலைக்கு வெளியே கூறுவனவற்றுக்காகப் பாடசாலை அவர்களைத் தண்டிக்கலாமா என்னும் வினா அண்மைக் காலத்திற் பல நாடுகளில் எழுந்துள்ளது. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் மாணவர் இடும் பதிவுகளே இதற்கு உடனடிக் காரணமாயின. வினா புதிதுபோலத் தோன்றினும் அதனுள் பழையதோர் எடுகோள் மறைந்து கிடக்கின்றது. பாடசாலைக்கு ‘வெளியே’ என்றோர் இடம் உண்டு என்பதே அவ்வெடுகோள். ஹட்டனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, அத்தகைய இடம் அங்கு நெடுங்காலம் இருக்கவில்லை என்பது புலனாகும்.

இவ்வினாவை நேர்முகமாக எதிர்கொண்டது ஐக்கிய அமெரிக்காவின் சட்டமரபாகும். 1965 டிசெம்பரில் அயோவா மாநிலத்து டி மொயின் நகரில், வியட்நாம் யுத்தத்தை முன்னிட்டுக் கறுப்புப் பட்டி அணிந்து சென்ற மாணவர் சிலர் இடைநிறுத்தப்பட்டனர். பாடசாலைக்குள்ளேயும் மாணவருக்குச் சொல்லுரிமை உண்டு என்றும், கற்றலைப் பெரிதும் குலைத்தாலன்றி அதனைத் தடுத்தலாகாது என்றும் 1969 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியே கூறியதன் நிலை என்ன என்பதற்கு விடை வர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 2017 இல் பென்சில்வேனியா மாநிலத்து மஹனோய் பகுதி மாணவி ஒருத்தி, விளையாட்டரங்கில் ஆரவாரமூட்டும் குழுவின் முதலணியில் இடம் கிடைக்காத சினத்தால், சனிக்கிழமையொன்றில் கடையொன்றிலிருந்து ஸ்னப்சற்றில் தகாத சொற்களில் ஒரு பதிவிட்டாள். பாடசாலை அவளை ஓராண்டுக்குக் குழுவிலிருந்து விலக்கியது. 2021 ஜூன் 23 ஆம் திகதி எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அத்தண்டனை தவறெனத் தீர்த்தது. வெளியே பிள்ளைக்குப் பொறுப்பாளர் பெற்றோரே என்பதும், பாடசாலையின் அதிகாரம் வீட்டிற்கும் நீளுமாயின் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு கணமேனும் மாணவர் தம் மனத்திலுள்ளதைக் கூற இயலாது என்பதும், பலர் விரும்பாத கருத்தைக் காப்பதிற் பாடசாலைக்கே அக்கறை இருத்தல் வேண்டும் என்பதும் நீதியரசர் பிரேயர் காட்டிய நியாயங்களாம். மிரட்டல், சகமாணவரைத் துன்புறுத்தல் முதலியவற்றில் வெளியேயும் பாடசாலை தலையிடலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. மஹனோய் பழைய நிலக்கரிச் சுரங்கப் பிரதேசம். தொழிலாளர் குடும்பங்களால் உருவான ஊர். ஹட்டன் வாசகர் இதனைக் கருத்திற் கொள்ளல் தகும்.

இந்நியாயங்களுள் முதலாவதை மலையகத் தோட்டமொன்றில் வைத்து நோக்குவோம். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே ஒப்படைத்தன. ஆறு வயது முதற் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது துரையின் கடமையாயிற்று. கடமை என்ற சொல்லின் மறுபுறம் அதிகாரம் என்பதாகும். பள்ளிக் கட்டடம் தோட்டத்தினது. ஆசிரியரை அமர்த்தியதும் சம்பளம் கொடுத்ததும் தோட்டமே. பிள்ளை உறங்கிய லயக்காம்பரா, தாய் கொழுந்தெடுத்த மலை, தகப்பன் கவ்வாத்து வெட்டிய மலை, பிரசவ விடுதி, இடுகாடு யாவும் அதே எல்லைக்குள் இருந்தன. தகப்பனுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்டாற் குடும்பம் முழுவதும் லயத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பிள்ளையின் பள்ளியும் அன்றோடு முடிந்தது. இங்கே பாடசாலைக்கு வெளியிலும் பிள்ளைக்குப் பொறுப்பாளர் பெற்றோர் என்று கூறுவதில் என்ன பொருள் உண்டு? பெற்றோரே இன்னொருவர் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தனர்.

வெளியார் எவரும் அனுமதியின்றித் தோட்டத்துள் நுழைதல் அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை அறியும் பொருட்டுப் புடவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குட் சென்றார் என்னும் செய்தி இதனாலேயே மலையகத்தில் இன்றளவும் நினைவுகூரப்படுகின்றது. அவர் 1931 இல் தம் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு ஹட்டனைத் தலைமையிடமாகத் தேர்ந்தமை தற்செயலன்று. 1884 இல் புகையிரதம் வந்தடைந்த ஹட்டன், எந்தத் துரையின் தோட்டத்துக்கும் உட்படாத கடைவீதியைக் கொண்டிருந்தது. தோட்டத்திற் கூற முடியாததை அங்கு கூற முடிந்தது. அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாடல்களைப் பாடியே மக்களைக் கூட்டினார். ஆயினும் நகரத்துச் சொல்லும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்திற் பேசிய முன்னாட் தோட்டப் பயிலுநர் பிரேஸ்கேர்டிலை நாடுகடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளையிட்டமையும், உயர் நீதிமன்றம் அக்கட்டளையைச் செல்லாதாக்கியமையும் நன்கு அறியப்பட்டவை.

இத்தகைய நகரத்திலேதான் தோட்டப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பைத் தாண்டும் வழியும் இருந்தது. மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஹட்டன் மெதடிஸ்த கல்லூரியிற் கற்றவர். பின்னர் 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1960 களில் ஹைலன்ட்ஸ் கல்லூரியிற் கற்பித்து அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கமும், அவரோடு பணியாற்றிய எழுத்தாளர் திருச்செந்தூரனும் மாணவரைப் பேச்சு, எழுத்து, நாடகம் ஆகியவற்றில் ஊக்கினர். அம்மாணவரே பின்னர் மலையக இளைஞர் இயக்கங்களின் முன்னணியில் நின்றனர். பாடசாலை தன் எல்லையைத் தாண்டிச் செல்வது எப்போதும் தண்டிப்பதற்காகவே என்று கொள்ளல் பொருந்தாது. அங்கு அது மாணவர்க்கு மேடை தேடிக் கொடுக்கச் சென்றது.

சட்டத்தின் கண் அம்மாணவருட் பலர் எத்தகையோராயிருந்தனர் என்பதையும் கூறல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரை நாடற்றோராக்கியிருந்தது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதன் 14 ஆம் உறுப்புரையிற் பேச்சுச் சுதந்திரத்தைப் பிரசைகளுக்கே உரித்தாக்கிற்று. நாட்டில் நிரந்தரமாகவும் சட்டப்படியும் வதிந்த நாடற்றோருக்கு அவ்வுரிமை பத்தாண்டுக் காலத்துக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அதாவது லயத்திற் பிறந்த பிள்ளையின் பேச்சுச் சுதந்திரம் 1988 செப்டெம்பரில் முடிவடையும் தவணையுடையதாயிருந்தது. குத்தகைக்கு விடப்பட்ட உரிமை என்று இதனை வருணிப்பின் மிகையாகாது. 1988 இலும் பின்னர் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்களே இந்நிலையை மாற்றின.

கல்வித் துறையின் மாற்றமும் மெல்லவே வந்தது. 1945 இன் இலவசக் கல்வித் திட்டமும் 1960–61 இன் பாடசாலைச் சுவீகரிப்பும் தோட்டப் பாடசாலைகளைத் தீண்டவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின்னர், 1977 முதற் படிப்படியாகவே அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது பாடசாலைகள் அரசிடமே நின்றன. லயத்துக்கு உரியவரும் பாடசாலைக்கு உரியவரும் வெவ்வேறாயினர். ஏனைய பிரதேசத்துப் பிள்ளைகள் இயல்பாகவே பெற்றிருந்த ‘வெளி’ மலையகப் பிள்ளைக்குக் கிடைக்க இத்தனை காலம் சென்றது.

அவ்வெளியில் இன்று கைத்தொலைபேசி இருக்கின்றது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை வலியுறுத்தி 2018 ஒக்டோபர் 24 அன்று கறுப்பு உடையணிந்து காலிமுகத்திடலிற் கூடிய மலையக இளைஞர், சமூக ஊடகங்களின் வழியே ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டனர். 2020 இல் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களில் வந்தன. லயத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடி மேடான இடங்களுக்கு ஏறினர். எல்லையை முதலில் அழித்தது மாணவரின் பதிவன்று, பாடசாலையின் சொந்தத் தேவையே என்பதை ஒழுக்கம் பற்றிப் பேசுவோர் மறந்துவிடுகின்றனர். வீட்டுக்குள் பாடம் வந்த வழியாலேயே தண்டனையும் வரலாம் என்ற வாதம் அதிலிருந்துதான் பிறந்தது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையப் பேச்சின் மீது அரசின் கையை வேறொரு திசையிலிருந்து நீட்டியுள்ளது.

சகமாணவியை இழிவுபடுத்தும் படமொன்றைப் பரப்பியவன் விடயத்திற் பாடசாலை வாளாவிருத்தல் ஆகாது. பாதிக்கப்பட்டவள் மறுநாட் காலை அதே வகுப்பிலேயே அமர வேண்டியவள். ஆசிரியர் பற்றாக்குறையையோ, மலசலகூடத்தின் நிலையையோ, தன் தாயின் சம்பளத்தையோ பற்றி ஒரு மாணவன் மாலையில் லயத்திலிருந்து எழுதுவது அவ்வகையினதன்று. அவ்விரண்டையும் ‘பாடசாலைக்கு அபகீர்த்தி’ என்ற ஒரே சொல்லால் அளப்பவர், துரை ஒருவரே வீட்டுக்கும் பள்ளிக்கும் அதிகாரியாயிருந்த காலத்து அளவுகோலையே கையில் எடுக்கின்றனர். அம்மாணவன் இருந்து எழுதும் லயக்காம்பரா பல தோட்டங்களில் இன்னமும் அவன் குடும்பத்துக்குச் சொந்தமானதன்று.