நின்ற இதயமும் மூளையின் படமும்

நின்றுபோன இதயத்தை மீட்டபின் முதலில் எடுப்பது சி.டி.; மூளையில் ரத்தக் கசிவு உண்டா என்று பார்க்க. பிழைப்பாரா என்று கணிக்க 2 முதல் 7 நாட்களுக்குள் எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது என்கின்றன அமெரிக்க நெறிமுறைகள். ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் ஜஹாய் மெக்மாத்தின் கதையைச் சொல்வேன்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 2013 டிசம்பரில், தொண்டை அறுவைக்குப் பின் ரத்தம் பெருகி அந்த 13 வயதுச் சிறுமியின் இதயம் நின்றது. இதயத்தை மீட்டார்கள்; மூளை மீளவில்லை. 12ஆம் தேதி மூளைச்சாவு என்றார்கள். நீதிமன்றம் நியமித்த ஸ்டான்ஃபோர்டு நரம்பியல் மருத்துவரும் அதையே சொன்னார். கதிரியக்க மருந்து செலுத்தி எடுத்த படத்தில் மூளைக்குள் ரத்த ஓட்டம் தெரியவில்லை.

தாய் ஏற்கவில்லை. மத நம்பிக்கையின் பேரில் மூளைச்சாவை மறுக்க 1991ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரும் நியூ ஜெர்ஸிக்கு மகளைக் கொண்டு போனார். 2014 செப்டம்பரில் அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒன்பது மாதம் ரத்தமே போகாத மூளை கூழாகியிருக்க வேண்டும். மூளைத்தண்டு கடுமையாகச் சிதைந்திருந்தது உண்மை. ஆனால் பெருமூளையின் பெரும்பகுதி உருக்குலையவில்லை! ரத்த ஓட்டம் முழுக்க நிற்கவில்லை, கருவிக்குத் தென்படாத அளவு குறைந்திருந்தது என்பது ஆலன் ஷூமன் என்ற நரம்பியல் மருத்துவரின் வாதம். உருவம் மிஞ்சியிருப்பதாலேயே மூளை இயங்குவதாக ஆகாது என்று மறுப்பவர்களும் உண்டு. இதில் எனக்கு இருபுறமும் நியாயம் தெரிகிறது.

ஜஹாயின் கலிபோர்னிய இறப்புச் சான்றிதழில் உள்ள ஆண்டு 2013. நியூ ஜெர்ஸி சான்றிதழில் 2018.