இழப்பீடும் நிவாரணமும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் இரு நிகழ்வுகளை முன்வைத்து

ஒருவரது கவனக்குறைவால் மற்றொருவருக்கு உயிரிழப்போ உடலூறோ நேருமாயின், அதனை ஈடுசெய்யும் கடமை யாருடையது என்னும் வினா தமிழ்ச் சமூகத்திற்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளுள் சில, வேட்டையின்போதும் பிற செயல்களின்போதும் கருதாது நிகழ்ந்த கொலைகளைப் பதிவு செய்துள்ளன. கொல்லும் எண்ணம் இல்லாமையால் உயிர்த்தண்டம் விதிக்காமல், இறந்தவர் பொருட்டுக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்குமாறு பிழை செய்தவர் பணிக்கப்பட்டார். ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்பது பரவலாகக் காணப்படும் அளவாகும். பிழை செய்தவர் யார் என்பதும் அவர் தரவேண்டியது எவ்வளவு என்பதும் கல்லில் வெட்டப்பட்டன. எனினும் அவ்வாடுகள் கோயிலுக்குச் சென்றனவேயன்றி இறந்தவரின் மனைவி மக்களுக்குச் சென்றதாக இவ்வகைக் கல்வெட்டுகள் பெரிதும் கூறுவதில்லை. போரில் மடிந்தோரின் குடும்பத்திற்கு உதிரப்பட்டி என்னும் நிலக்கொடை வழங்கும் வழக்கம் இருந்ததை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம். அரசனுக்காக மடிந்தவனின் குடிக்கு நிலம் கிடைத்தது. தவறிப் பாய்ந்த அம்பினால் மடிந்தவனுக்கு விளக்கு கிடைத்தது.

இன்றைய வழக்கில் இழப்பீடு, நட்டஈடு, நிவாரணம், நிதியுதவி ஆகிய சொற்கள் பெரும்பாலும் ஒரு பொருளனவாகவே ஆளப்படுகின்றன. நாளிதழ்கள் இவற்றை மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஆயின் இவற்றிடையே உள்ள வேறுபாடு சொல் அளவில் நிற்பதன்று. இழப்பீடு என்பது பிழை செய்தவரிடமிருந்தோ, சட்டம் பொறுப்பாளி எனச் சுட்டுபவரிடமிருந்தோ பாதிக்கப்பட்டவர் கேட்டுப் பெறும் உரிமை. நிவாரணம் என்பது அரசு மனமுவந்து அளிப்பது; அதனைக் கேட்டு வழக்காடுதல் எளிதன்று; அதன் அளவை அளிப்பவரே முடிவு செய்வர். கேரளத்தின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர் இவ்வேறுபாட்டை மலையாளத்திலும் அறிவர். அங்கு ‘நஷ்டபரிகாரம்’ என்பது ஒன்று. அரசாணைகளில் பயிலும் ‘தனசகாயம்’ என்பது மற்றொன்று. பாலக்காட்டு எல்லையில் உள்ள பிளாச்சிமடாவிலும் இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியிலும் நிகழ்ந்தவற்றைக் கொண்டு, இழப்பீடு என்னும் உரிமை எவ்விடத்தில் தடைப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் மக்களும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததன்று. கொச்சி அரசின் கீழ் இருந்தது. கிழக்கே பொள்ளாச்சிப் பகுதியுடன் இணைந்து கிடக்கும் இந்நிலம் மழை மறைவுப் பகுதியாகும். இரவாளர், மலசர் முதலிய பழங்குடியினர் இங்கு உழவுக் கூலிகளாக வாழ்கின்றனர். தமிழ் இங்குப் பரவலாகப் பேசப்படுகிறது. இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டமோ திருவிதாங்கூர் அரசின் மலைநாடு. பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து மன்றோ 1877இல் குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகளில், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பகுதியிலிருந்தும் கங்காணிகள்வழி அழைத்துவரப்பட்ட மக்கள் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கினர். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் இவ்விரு பகுதிகளும் கேரளத்துடன் நின்றன.

சட்டத்தின் நடை

பிரித்தானிய இந்தியாவில், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அவனைத் தண்டிக்கும் சட்டம் 1859ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வேலையில் காயமுற்ற தொழிலாளிக்கு முதலாளி பணம் தரவேண்டும் என்னும் சட்டம் வருவதற்கு 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 64 ஆண்டுகளில், 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் இறந்தவரின் குடும்பத்தார் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்பது ஏட்டளவில் உண்மையே. ஆனால் கங்காணியிடம் கடன்பட்ட தோட்டக் கூலி, துரையின் மீது வழக்குத் தொடுப்பதை எண்ணிப் பார்ப்பதும் அரிது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலாளியின் பிழையை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சுமையை நீக்கியது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் காயம் நேர்ந்தது எனக் காட்டினால் போதும். இங்குத்தான் தோட்டத் தொழிலாளியின் நிலை பிறரினின்று வேறுபடுகிறது. ஆலைத் தொழிலாளி வேலை முடிந்து தன் வீட்டிற்குச் செல்கிறான். தோட்டத் தொழிலாளியோ முதலாளியின் நிலத்தில், முதலாளி கட்டிய லயத்தில் உறங்குகிறான். லயம் இரவில் இடிந்து விழுந்தால் அது வேலையின்போது நேர்ந்த விபத்தா? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதி அளிப்பதை முதலாளியின் கடமையாக்கிய பின்னரும் இவ்வினா எஞ்சி நின்றது. 1981இல் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு விடை கண்டது. முதலாளி அளித்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தாலும் காயமுற்றாலும் முதலாளி இழப்பீடு தரவேண்டும். இடிந்தமைக்குக் குடியிருப்பவரின் பிழையோ இயற்கைச் சீற்றமோ மட்டுமே நேரடிக் காரணமாக இருப்பின் இப்பொறுப்பு எழாது. இவ்விதிவிலக்கின் உயிர் ‘மட்டுமே’ என்னும் சொல்லில் உள்ளது.

பிளாச்சிமடா

பெருமாட்டி ஊராட்சியின் ஒப்புதலைப் பெற்று, இந்துஸ்தான் கோக்கோ கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை 2000ஆம் ஆண்டில் பிளாச்சிமடாவில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை வளாகம் ஏறத்தாழ 34 ஏக்கர். தொடங்கிய சில மாதங்களிலேயே சுற்றியுள்ள குடியிருப்புகளின் கிணற்று நீர் குறைந்ததாகவும் கெட்டதாகவும் மக்கள் முறையிட்டனர். அந்நீரில் சமைத்த சோறு கெட்டதும், குளித்தவர்க்குத் தோலில் அரிப்பு ஏற்பட்டதும், வயிற்றுக் கோளாறுகளும் அம்முறையீடுகளில் இடம்பெற்றன. பெண்கள் நல்ல நீருக்காக நெடுந்தொலைவு நடக்க நேர்ந்ததால் அன்றாடக் கூலியும் போயிற்று. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலின் எதிரே பந்தலிட்டுப் போராட்டம் தொடங்கப்பட்டது. இரவாளர் குலத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார்; 2007 சனவரியில் அவர் மறைந்தார்.

ஆலைக் கழிவுச் சேறு உழவர்களுக்கு உரம் எனக் கொடுக்கப்பட்டது இந்நிகழ்வின் கொடிய பகுதி எனலாம். 2003இல் பிபிசி வானொலி இச்சேற்றை இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்வித்து, அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதை வெளியிட்டது. அதே ஆண்டில் கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வொன்றும் வரம்பை மீறிய காட்மியத்தைக் கண்டது. காட்மியம் உடலில் நெடுங்காலம் தங்கிச் சிறுநீரகத்தையும் எலும்பையும் தாக்கும் இயல்புடையது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. மழைக் குறைவே நீர்மட்டம் தாழ்ந்ததற்குக் காரணம் என்றது.

நீதிமன்றங்களில் நிகழ்ந்த வாதம் பெரிதும் நீரின் அளவைப் பற்றியதாகவே அமைந்தது. ஊராட்சி 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் காப்பாளரே என 2003 திசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரல் 7 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றி, வல்லுநர் குழுவின் அறிக்கையைக் கொண்டு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆலை 2004 மார்ச்சிலேயே மூடப்பட்டிருந்தது. ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என 2017இல் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்ததோடு அவ்வழக்கு முடிந்தது. ஆலைக்கு உரிமம் உண்டா, எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பவற்றைப் பற்றிய இத்தீர்ப்புகளில், அரிப்புற்ற உடலுக்கும் இழந்த கூலிக்கும் எவர் எவ்வளவு தரவேண்டும் என்பது வழக்குப் பொருளாகவே இல்லை. பிளாச்சிமடாவைப் பற்றி எழுதுவோர் பலரும் தனி நீதிபதியின் தீர்ப்பைப் போற்றுவதோடு நின்றுவிடுவது இதனால் ஒரு குறையாகவே படுகிறது.

அவ்வினாவை எழுப்பியது கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழுவாகும். கூடுதல் தலைமைச் செயலாளர் கே. ஜெயகுமார் தலைமையிலான அக்குழு 2010 மார்ச்சில் அளித்த அறிக்கையில் மொத்த இழப்பை ஏறத்தாழ 216 கோடி ரூபாய் எனக் கணித்தது. வேளாண்மை இழப்பு, நீர்நிலைகளின் கேடு, கூலி இழப்பு ஆகியவற்றோடு உடல்நலக் கேடும் தனித் தலைப்பாக இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி நிறுவனத்திடமிருந்து இதனைப் பெறத் தனித் தீர்ப்பாயம் அமைக்குமாறும் குழு பரிந்துரைத்தது. தீர்ப்பாயத்தின் தேவை வெளிப்படையானது. ஓர் உழவுக் கூலி, தன் நோய்க்கு இந்த ஆலையின் இந்தக் கழிவே காரணம் என உரிமையியல் நீதிமன்றத்தில் மருத்துவச் சான்றோடு மெய்ப்பிப்பது நடைமுறையில் இயலாத செயல்.

பிளாச்சிமடா கோக்கோ கோலா பாதிக்கப்பட்டோர் நிவாரண, இழப்பீட்டுக் கோரிக்கைகள் சிறப்புத் தீர்ப்பாய மசோதா 2011 பிப்ரவரி 24 அன்று கேரளச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நிவாரணம், இழப்பீடு என்னும் இரு சொற்களும் அதன் பெயரிலேயே அடுத்தடுத்து நின்றன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காகச் சென்ற மசோதா, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப்பின் ஒப்புதல் பெறாமல் திரும்பியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010இலேயே இருக்கும்போது மாநிலம் இவ்வாறு சட்டமியற்ற இயலுமா என்பதே எழுப்பப்பட்ட முதன்மைத் தடை. இங்குக் கால வரம்பைக் கருத வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோருவோர், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். 2002இல் பந்தலிட்ட மக்களுக்கு, 2010 அக்டோபரில் தோன்றிய தீர்ப்பாயத்தைச் சுட்டி அதுவே உங்கள் மன்றம் எனக் கூறப்பட்டது. மன்றம் பிறப்பதற்கு முன்பே அதற்குச் செல்லும் காலம் கடந்திருந்தது.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணையத்தை அமைக்குமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. அவ்வாறு அமைந்த சூழல் இழப்பு ஆணையம் பாதிக்கப்பட்ட உழவர்களைக் கண்டறிந்து ஆலைகளின் மீது தொகை விதித்தது. அத்தொகையின் போதாமை குறித்தும் மாசு தொடர்வது குறித்தும் வழக்கு 2025 வரை நீண்டது என்பது உண்மை. ஆயினும் அங்கு உழவர் பெற்றது இழப்பீடு. போபால் நிகழ்விலும் 1985இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றியது. பாலாற்றுக்கும் போபாலுக்கும் கிடைத்த மன்றம் சித்தூர் வட்டத்திற்குக் கிடைக்கவில்லை.

பெட்டிமுடி

2020 ஆகத்து 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பகுதியின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபதின்மர் மாண்டனர், அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவில்லை. கண்ணன் தேவன் தோட்ட நிறுவனத்தின் நயமக்காடு தோட்டத்தைச் சார்ந்த குடியிருப்பு அது. இறந்தோருள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்டவர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால் செய்தி மறுநாள் காலையிலேதான் வெளியே எட்டியது.

மறுநாளான ஆகத்து 7 அன்று கோழிக்கோட்டில் வானூர்தி ஓடுபாதையிலிருந்து சறுக்கி வீழ்ந்து 21 பேர் இறந்தனர். கேரள அரசு பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாயும் கோழிக்கோட்டில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாயும் அறிவித்தது. இவ்வேறுபாடு அன்று கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. ஆனால் இரு தொகைகளின் வேறுபாட்டைக் காட்டிலும் ஆழமானது இரு நிலைகளின் வேறுபாடு. வானூர்திப் பயணிக்கு அரசின் அறிவிப்பிற்கு அப்பால் ஓர் உரிமை உண்டு. இந்தியா 2009இல் ஏற்றுக்கொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, குறிப்பிட்ட வரம்பு வரை, பிழையை மெய்ப்பிக்காமலே வானூர்தி நிறுவனத்திடம் இழப்பீடு பெறலாம். லயத்தில் உறங்கியவருக்கும் அதையொத்த சட்டம் 1981 முதல் இருந்தது. ஆயின் பெட்டிமுடி தொடர்பான அரசு அறிவிப்புகள் பெரிதும் இயற்கைப் பேரிடர் என்னும் தலைப்பின் கீழேயே அமைந்தன. அச்சொல் வழங்கியவுடன் உரையாடல் நிவாரணத்தின் பக்கம் சென்றுவிட்டது. உயிர் பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் கிடைத்தன. அவையும் உதவியாகவே கிடைத்தன.

மழை பெருமழை என்பதில் ஐயமில்லை. நிறுவனம் பிழை செய்தது என முன்கூட்டியே முடிவுகட்டுவதும் முறையன்று. ஆனால் சட்டம் கேட்கும் வினா மழை பெய்ததா என்பதன்று. மழை மட்டுமே காரணமா என்பது. சரிவின் கீழ் லயம் அமைந்த இடம் எவ்வாறு தேர்வாயிற்று, எச்சரிக்கை வந்தால் அதனைப் பெறும் வழி அங்கு இருந்ததா, வெளியேறி ஒதுங்க இடம் இருந்ததா ஆகியன அவ்வினாவிற்குள் அடங்கும். இவற்றுக்கு விடை நிறுவனத்திற்குச் சார்பாகவும் அமையலாம். விடை எதுவாயினும் அதனை முறையாக விசாரித்துக் கூறவேண்டியவர் அச்சட்டத்தின் கீழ் அமையும் ஆணையரேயன்றி, பேரிடர் நிதியை வழங்கும் வருவாய்த் துறையினர் அல்லர். பிளாச்சிமடாவில் பிழையின் அளவு ரூபாய்க் கணக்கில் வரையறுக்கப்பட்டும் அதனை விதிக்க மன்றம் இல்லாது போயிற்று. பெட்டிமுடியிலோ மன்றத்திற்குச் சட்டத்தில் இடம் இருந்தும் பிழை உண்டா என்னும் வினா பேரிடர் என்னும் சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

1923, 1951ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இன்று இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. தோட்ட வீடு இடிந்தால் முதலாளி தரவேண்டிய இழப்பீட்டைப் பற்றிய விதி, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இயற்கைச் சீற்றம் என்னும் விதிவிலக்கோடு இடம்பெற்றுள்ளது. மூணாறு, தேவிகுளம், பீருமேடு, வால்பாறை மலைகளில் மழைக்காலத்தில் லயங்களில் உறங்குவோர்க்கு இப்போது பொருந்துவது இவ்விதியே.