துணியும் தோலும்: யூதச் சட்டத்தில் துக்கம்

"சேர், பச்சை குத்தின யூதர அவங்கட மையவாடியில அடக்க விடமாட்டாங்களாமே, உண்மையா?"

பதினோராம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது அப்படியொரு சட்டம் யூத நூல்களில் இல்லை என்று தெரிந்தது. பச்சை குத்துவது அவர்களிடம் பாவம்தான். அதற்காக அடக்கம் மறுக்கப்படுவதில்லை. பலவந்தமாகக் குத்தப்பட்டவர் மீது குற்றமே இல்லை. அவுஷ்விட்ஸ் முகாமில் கையில் எண் குத்தப்பட்டவர்களை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. லேவியராகமம் 19:28இல் இரண்டு தடைகள் ஒன்றாக வருகின்றன. இறந்தவருக்காக உடலைக் கீறக் கூடாது; உடலில் எழுத்துப் பொறிக்கவும் கூடாது. பொறிப்புக்கு எபிரேயத்தில் 'கெதோவெத் கஅகா' என்று நிற்கிறது. முதற்சொல் நமக்கு அந்நியமல்ல. அறபியில் கிதாப் பிறந்த அதே வேர்தான். இரண்டாவது சொல் பழைய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. சங்கப் பாட்டில் ஒரே தடவை வரும் சொல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். கடைசியில் உரைகாரரிடம்தான் போக வேண்டும்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், மக்கோத் என்ற பகுதி இதைப் பேசுகிறது. எழுதவும் வேண்டும், மையோ சுர்மாவோ தோலுக்குள் ஏற்றவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கசையடி. 1204இல் மறைந்த மூஸா இப்னு மைமூன் இதற்குக் காரணமும் சொல்கிறார். சிலை வணங்கிகள், தாம் அந்தச் சிலைக்கு விற்கப்பட்ட அடிமைகள் என்று காட்டத் தம் உடலில் குறியிட்டார்களாம். அடிமைக் குறி என்பது வெறும் கற்பனையல்ல. எகிப்தின் எலிபன்டைன் தீவில் யூதக் குடியிருப்பொன்று இருந்தது. அங்கே கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டு அறமேயப் பத்திரமொன்றில், அடிமையொருவனின் கையில் உரிமைக்காரியின் பெயர் இருந்ததாக எழுதப்பட்டுள்ளது. அந்த உரிமைக்காரி மிப்தஹியா ஒரு யூதப் பெண்.

கீறிக்கொள்வதையும் 'அது சிலை வணங்கிகளின் வழக்கம்' என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுவோம். அது அரை உண்மை. இல்யாஸ் நபியின் காலத்துப் பஅல் பூசாரிகள் தம்மைக் கீறிக்கொண்டதாகப் பழைய ஏற்பாடு சொல்கிறது. சிரியக் கரையில் உகாரித் நகரின் களிமண் ஏடுகளிலும், பஅல் செத்த செய்தி கேட்ட ஏல் தெய்வம் தன் மார்பைக் கீறிக்கொள்கிறது. ஆனால் எரேமியா 41ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு சீக்கேம், சீலோ, சமாரியா ஆகிய ஊர்களிலிருந்து 80 பேர் வருகிறார்கள். தாடி மழித்து, உடை கிழித்து, உடம்பைக் கீறிய கோலம். கையிலோ இறைவனின் ஆலயத்துக்கான காணிக்கை! இவர்கள் பஅலின் ஆட்களல்லர். அந்த நூலின் 16ஆம் அதிகாரமும் கீறிக்கொள்வதை ஊர் வழக்கம்போலவே பேசிச் செல்கிறது. ஏட்டில் ஒரு தடை இருந்தால் சனங்கள் அதைச் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்தபடியால்தான் தடை வந்தது.

இரண்டு தடைகளும் ஏன் ஒரே வசனத்தில்? உபாகமம் 14:1 வழி காட்டுகிறது என்பது என் எண்ணம். நீங்கள் இறைவனுக்குரியவர்கள், ஆகவே கீறாதீர்கள் என்பதே அதன் கருத்து. உடல் யாருடையது என்பதுதான் கேள்வி. உரிமைக்காரரின் பெயரும் அதில் ஏறக் கூடாது, மையித்தின் துக்கமும் ஏறக் கூடாது.

அப்படியானால் துக்கம் எங்கே போகும்? துணிக்குப் போகும். நெருங்கிய உறவினர் இறந்தால் நின்றபடி உடையைக் கிழிப்பது யூதருக்குக் கடமை, 'கெரிஆ' என்பார்கள். நமது கோடு துணிக்கு முன்னாலேயே விழுகிறது. கன்னத்தில் அறைவதையும் சட்டையைக் கிழிப்பதையும் ஜாஹிலிய்யா ஒப்பாரியையும் இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் ஒரே மூச்சில் விலக்குகிறது. என் வாப்பா மௌத்தான அன்று சாச்சி தன் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தா. உம்மா அழுதழுதே அவட கையைப் பிடிச்சு இறக்கினா.

அவர்களிடம் கிழித்த துணிக்கும் சட்டம் உண்டு. மற்ற உறவினருக்காகக் கிழித்ததை 7 நாள் கழிய ஓட்டுத் தையல் போடலாம், 30 நாள் கழிய ஒழுங்காகத் தைக்கலாம். தாய் தகப்பனுக்காகக் கிழித்ததை 30 நாள் கழிய ஓட்டுத் தையல் மட்டும் போடலாம். ஒழுங்காகத் தைக்க ஒருநாளும் அனுமதி இல்லை.