பாட்டுக்குக் கூலி

கம்பம் பள்ளத்தாக்கு நெல்லுக்கும் திராட்சைக்கும் பேர்போனது, பாட்டுக்கும் அவ்வாறே. உத்தமபாளையத்தை அடுத்த பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன் ஆர்மோனியத்துடன் ஊர் ஊராகச் சென்று பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. நம்பூதிரிபாடு தலைமையிலான கேரள அரசுக்கோ பெரும்பான்மை மிகச் சிறிது. தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே பாவலர் பாடினார். ரோசம்மா புன்னூஸ் வென்றார். பாட்டின் பங்கு அவ்வெற்றியில் பெரிதென இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் பாட்டைப் புனைந்தவனுக்குக் கிட்டுவது என்ன? சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவருக்குச் சீதக்காதியும், பின்னர் அபுல் காசிம் மரைக்காயரும் வாய்த்தனர். மேடைப் பாவலனுக்கு அத்தகைய வள்ளல் இல்லை. அவனுக்குரியது அன்றிரவுச் சன்மானமே. மறுநாள் அதே பாட்டை அடுத்த ஊரில் வேறொருவர் பாடினால் பணம் பாடியவருக்கு, எழுதியவனுக்கு ஒன்றுமில்லை. (பாவலரும் மக்கள் அறிந்த திரைப்பட மெட்டுகளில் தம் சொற்களை அமைத்தவர்தாம். அம்மெட்டுகளுக்கு உரியவர் யார் என்று அக்காலத்தில் எவரும் கேட்டதில்லை.)

பாவலர் 1973இல் மறைந்தார். தம்பி இளையராஜாவின் 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976இல். அதற்கு அடுத்த ஆண்டே, திரைப்படத்திற்கென ஊதியம் பெற்று ஆக்கிய பாட்டுக்கும் இசைக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையெனில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்போடு தனிக் குறிப்பொன்றை இணைத்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். இசைக் கலைஞனுக்கு உரிமை இல்லையென்பது இந்திய இயல்புக்கு ஒவ்வாதது என அவர் வருந்தினார். பாவலர் எந்த அரசுக்காகப் பாடினாரோ, அதே அரசில் சட்ட அமைச்சராக இருந்தவர் இவர்! இதை எண்ணும்தோறும் நாம் வியக்கிறோம்.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). இங்கோ நாடாளுமன்றம் விழித்துக்கொள்ள முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, திரையரங்கில் படம் காட்டுவது நீங்கலாக, வானொலி, தொலைக்காட்சி முதலிய பிற பயன்பாடுகளில் வரும் உரிமைத்தொகையில் பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அவர்களின் ஆயுட்காலமும் அதன்பின் அறுபது ஆண்டுகளும் இது நீடிக்கும். 1969இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினரானால், தொகையைத் திரட்டித் தருவது அதன் பணி. 2017இல் மேடைக் கச்சேரிகளுக்காக எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கு இளையராஜா அறிவிக்கை அனுப்பியபோது பலர் முகம் சுளித்தனர். நட்பைக் கருதின் அது கசப்பே; ஆயினும் அண்ணன் காலத்தில் எழாத கேள்வியைத் தம்பி எழுப்பினார் என்றே நாம் கருதுகிறோம்.

இச்செய்தி நம் சமுதாயத்திற்கும் உரியது. நாகூர் ஹனீபாவின் குரல் ஒலிக்காத வீடு நம்மிடையே அரிது. அவருக்குப் பாடல்கள் எழுதிய புலவர் ஆபிதீனின் பெயரை எத்தனை வீடுகள் அறியும்? இன்று இஸ்லாமியப் பாடல் எழுதும் இளைஞர்களும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, நீட்டிய தாளில் கையொப்பமிட்டு வருகிறார்கள். திரைப்படம் சாராத ஒலிப்பதிவுக்கும் அச்சட்டம் பொருந்தும். உரிமைத்தொகை வேண்டாமென அத்தாளில் எழுதி வாங்கியிருந்தாலும், அவ்வாசகம் செல்லாது.