சேத்துப்பட்டு தந்த பாடம்

நம் மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று தங்கைகள் கேட்டதும் எனக்குச் சேத்துப்பட்டுதான் நினைவுக்கு வந்தது. நோயாளிக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் முன் அவர் கற்கத் தடை எதுவென்று பேசிக் கண்டறிய வேண்டும் என்று மனப்பாடம் செய்தோமே, அதற்கு நம் மாநிலத்தில் நல்லதொரு வரலாறு உண்டு.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுத்தால்தான் காசநோய் தீருமா, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் தீராதா? 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. சத்துணவும் ஓய்வும் குறைவாக இருந்தும், வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள்!

டாக்டர்களுக்கு அது மருந்தின் வெற்றி. எனக்கோ, வீடு தேடிப் போன செவிலியர்கள், சுகாதாரப் பார்வையாளர்களின் கதை. மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதிக்க வாங்கினார்கள். ஆனால் எண்ணிக்கை 'சாப்பிடவில்லை' என்று மட்டும்தானே சொல்லும்? ஏன் என்பதைப் பேசித்தான் வாங்கணும். அன்றைய பி.ஏ.எஸ். மருந்து வயிற்றைப் புரட்டும். இருமல் நின்றால் நோயே போச்சு என்று தோன்றும். அக்கம்பக்கம் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராதே என்ற பயம் வேறு. அமெரிக்காவில் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இலேயே, செவிலியர்–நோயாளி உறவுதான் நம் தொழிலின் மையம் என்று புத்தகம் எழுதியிருந்தார்.

சென்னையில் சோதித்த, கண்ணெதிரே மருந்து விழுங்க வைக்கும் முறை 1997 முதல் நாடெங்கும் படிப்படியாக வந்தது. அப்போது நான் நாமகிரிப்பேட்டைப் பக்கம் வேலையில் இருந்தேன். மஞ்சள் வேகவைக்கும் பருவம். ஓர் அம்மா மருந்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போனால், எதைக் கேட்டாலும் கட்டிலில் இருந்த வீட்டுக்காரரே பதில் சொன்னார். "அவளுக்கு எல்லாம் புரிஞ்சுதுங்க சிஸ்டர்." அந்தம்மாவும் தலையாட்டினார்.

அவர் கொப்பரை அடுப்பைப் பார்க்க எழுந்து போனதும், "இந்த மாத்திரையப் பத்தி உங்க மக கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நானும் அவசரப்படுத்தலை.

"ஒண்ணுக்குச் செவப்பாப் போகுதுங்க. ரத்தம்னு பயந்துட்டேன். அவரு முன்னால எப்படிங்க சொல்றது?"

ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது. எழுத்தறிவின்மை, மொழி, பயம், கூச்சம் என்று புத்தகத்தில் தடைகளுக்குப் பட்டியல் இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்த வீட்டுக்காரர் அதில் இல்லை! விளக்கியதும் அந்தம்மா, "அப்படியே திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று தானே சொல்லிக் காட்டினார். மறுநாள் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார்.